சோவியத் யூனியன் உடைந்தபோது உண்மையில் என்ன உடைந்தது?

"தொண்ணூத்தொண்ணுல கம்யூனிசம் தோத்துச்சு, அமெரிக்கா ஜெயிச்சுச்சு, பனிப்போர் முடிஞ்சுச்சு." உக்ரைன் போரைப் பற்றி நாலு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்து விழும். உடனே எதிர்த்தரப்பில் ஒருவர், "அமெரிக்கா எங்க ஜெயிச்சுது, கோர்பச்சேவ் வித்துட்டாரு" என்பார். அதோடு விவாதம் சூடாகிவிடும். என்ன நடந்தது என்பதை இருவருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிக்கல் இதுதான். '1991' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. மூன்றுக்கும் தேதி வேறு, காரணம் வேறு, உலகத்தை மாற்றிய விதமும் வேறு. அவற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டால் இன்றைய உலகச் செய்திகளில் பாதி சுலபமாகப் புரியும். இந்த வரலாறு அறவே தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மூன்று முடிவுகள்

முதலாவது, பனிப்போரின் முடிவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் மோதாமல், ஆயுதக் குவிப்பு, உளவு, பிற நாட்டு மண்ணில் பினாமிச் சண்டை என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய பகையைத்தான் பனிப்போர் என்கிறோம். அது முடிந்தது 1991ல் அல்ல. 1988 டிசம்பர் 7 அன்று சோவியத் தலைவர் மிகயில் கோர்பச்சேவ் ஐ.நா. பொதுச் சபையில் நின்று, யாரும் பேரம் பேசாமலேயே தன் படையில் 5 லட்சம் பேரைக் குறைப்பதாக அறிவித்தார். மறு ஆண்டு போலந்து, ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா என்று வரிசையாகக் கம்யூனிஸ்ட் அரசுகள் சரிந்தன. 1956ல் புடாபெஸ்ட்டுக்கும் 1968ல் பிராக் நகருக்கும் ஓடிய சோவியத் டாங்கிகள் இந்த முறை முகாமைவிட்டு நகரவில்லை. 1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தது. அடுத்த மாதமே மால்டா தீவில் கோர்பச்சேவும் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷும் கப்பலில் உட்கார்ந்து பேசி, சேர்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். அப்போது சோவியத் யூனியன் தன் 15 குடியரசுகளோடும் முழுசாகத்தான் இருந்தது.

இரண்டாவது, கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியின் முடிவு. அரசையும் சமூகத்தையும் வழிநடத்தும் உரிமை கட்சிக்கே என்று சோவியத் அரசியல் சாசனத்தின் 6வது பிரிவு சொன்னது. 1990 மார்ச்சில் அதைத் திருத்தி, பிற கட்சிகளுக்கும் இடம் திறந்தார்கள். 1991 ஆகஸ்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும் கட்சியின் கதையே முடிந்தது.

மூன்றாவது, நாடு என்ற அமைப்பே கலைந்தது. அது 1991 டிசம்பரில்.

இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் ஒன்றே என்று தோன்றுகிறது. ஆனால் போலந்திலும் ஹங்கேரியிலும் கட்சி ஆட்சி போனது, நாடு அப்படியே இருந்தது. சீனாவில் பொருளாதாரம் தலைகீழாக மாறியது, கட்சி அசையவில்லை. மாஸ்கோவில் மட்டும் ஏன் மூன்றும் சேர்ந்து நடந்தன? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பெரியவர் சொல்லே சட்டம்

ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பிள்ளைகள். எழுதி வைத்த பத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் பாகம் தெளிவாக அளந்து குறிக்கப்பட்டிருக்கிறது. வேண்டும்போது பிரிந்து போகலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் பத்திரத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் வீட்டில் பெரியவர் சொல்லே சட்டம். கல்லாப்பெட்டிச் சாவி அவரிடம். யாருக்கு என்ன வேலை, யாருக்கு எவ்வளவு செலவுக்குப் பணம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

சோவியத் யூனியன் காகிதத்தில் ஒரு கூட்டாட்சி. ரஷ்யா, உக்ரைன், கஜகஸ்தான், ஜார்ஜியா என்று 15 குடியரசுகள், ஒவ்வொன்றுக்கும் எல்லை, சட்டசபை, கொடி, அமைச்சரவை. 1977ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 72வது பிரிவு, ஒவ்வொரு குடியரசுக்கும் சுதந்திரமாக யூனியனைவிட்டு விலகும் உரிமை உண்டு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. இந்திய அரசியல் சாசனம் எந்த மாநிலத்துக்கும் தராத உரிமை அது. அப்படிப்பட்ட பிரிவை எழுதிவைத்துக்கொண்டு ஒரு நாடு எழுபது ஆண்டுகள் எப்படி ஓடியது? கட்சி இருந்ததால். மாஸ்கோவில் பொலிட்பீரோ, அதாவது கட்சியின் மிக உயர்ந்த முடிவெடுக்கும் குழு, சொன்னால் தாஷ்கண்டிலும் தாலினிலும் நடந்தது. குடியரசின் தலைவரை நியமிப்பதும் கட்சி, நீக்குவதும் கட்சி. கூட்டாட்சி வெறும் காகிதம், கட்சிதான் நிஜம்.

1985 மார்ச்சில் கட்சியின் பொதுச் செயலாளரான கோர்பச்சேவுக்கு நாட்டை உடைக்கும் எண்ணம் துளியும் இல்லை. அவர் சோஷலிசத்தைச் செப்பனிட வந்தவர். பெரஸ்த்ரோய்க்கா என்ற பெயரில் பொருளாதாரத்தையும் நிர்வாகத்தையும் மாற்றியமைக்கப் பார்த்தார். கிளாஸ்நோஸ்த் என்ற பெயரில் பத்திரிகைகளும் மக்களும் வெளிப்படையாகப் பேச வழிவிட்டார். கட்சிக்காரர்கள் முட்டுக்கட்டை போட்டதும், அவர்களைத் தாண்டிப் போக நிஜமான தேர்தல்களை நடத்தினார். அதிகாரத்தைக் கட்சியிடமிருந்து சட்டசபைகளுக்கு நகர்த்தினார். பெரியவர் தானாகவே சாவிக்கொத்தை மேஜையில் வைத்த கணம் அது. அதுவரை பெட்டிக்குள் தூங்கிய பத்திரத்தைப் பதினைந்து பேரும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஒப்புமை ஒரு இடத்தில் உடையும், அதையும் சொல்லிவிட வேண்டும். எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் இந்தக் குடும்பத்தில் பிறந்தவை அல்ல. 1939ல் ஸ்டாலினும் ஹிட்லரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசிய இணைப்பின் வழியாக, 1940ல் பிடித்து இழுத்துவரப்பட்டவை. கிளாஸ்நோஸ்த் வந்ததும் அங்கே முதலில் எழுந்த கேள்வியே அந்த ரகசிய இணைப்பைப் பற்றித்தான். 1989 ஆகஸ்ட் 23, ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், சுமார் 20 லட்சம் பேர் மூன்று நாடுகளையும் கடந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் நீளத்துக்குக் கைகோத்து நின்றார்கள். 1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா விடுதலையை அறிவித்தது.

இதுவரை சொன்னதன் சாரம்: நாட்டைச் சேர்த்துப் பிடித்திருந்தது சட்டம் அல்ல, கட்சி. கட்சியின் பிடியைத் தளர்த்தியவரே கட்சித் தலைவர். பிடி தளர்ந்ததும், பெயரளவில் இருந்த எல்லைகளும் சட்டசபைகளும் நிஜமான அதிகாரமாக மாறின.

பணமும் சோப்பும்

இதையெல்லாம் ஒரு செழிப்பான காலத்தில் செய்திருந்தால் நாடு தாங்கியிருக்கலாம். சோவியத் யூனியன் பெட்ரோலியம் விற்று டாலர் சம்பாதித்து, அதில் அமெரிக்காவிடமும் கனடாவிடமும் தானியம் வாங்கிக்கொண்டிருந்தது. 1985 இறுதியிலிருந்து சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. 1986 ஏப்ரல் 26ல் செர்னோபில் அணு உலை வெடித்தது. ஆப்கானிஸ்தான் போர் வேறு 1979லிருந்து பணத்தையும் இளைஞர்களையும் தின்றுகொண்டிருந்தது.

1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிப் படுகையில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த குறைகளில் ஒன்று சோப்பு. ஷிப்ட் முடிந்து கரி அப்பிய உடம்போடு மேலே வந்தால் குளிக்க சோப்பு கிடைக்கவில்லை. விண்வெளி நிலையம் வைத்திருந்த நாடு அது. தொழிலாளிகளின் பெயரால் ஆண்ட கட்சிக்கு எதிராகத் தொழிலாளிகளே எழுந்தபோது, கட்சி சொல்லிக்கொள்ள வேறு நியாயம் மிச்சமில்லை.

மூத்தவரே பாகம் கேட்டபோது

பால்டிக் நாடுகள் போயிருந்தால்கூட யூனியன் பிழைத்திருக்கும். அதைக் கொன்றது ரஷ்யா. பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. யூனியனின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கும் மக்கள்தொகையில் சுமார் பாதியும் ரஷ்யக் குடியரசு. 1990 ஜூன் 12 அன்று அதன் சட்டசபை, யூனியன் சட்டத்தைவிடத் தன் சட்டமே மேல் என்று அறிவித்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1991 ஜூன் 12ல், போரிஸ் யெல்ட்சின் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ரஷ்ய அதிபரானார். கோர்பச்சேவை மக்கள் ஒருபோதும் நேரடியாகத் தேர்ந்தெடுத்ததில்லை. ஒரே மாஸ்கோவில் இரண்டு அதிபர்கள். ஒருவரிடம் அணு ஆயுதப் பெட்டி, இன்னொருவரிடம் மக்கள் வாக்கு.

கோர்பச்சேவ் ஒரு சமரசம் தயாரித்தார். குடியரசுகளுக்கு அதிக அதிகாரம் தரும் புதிய யூனியன் ஒப்பந்தம். கையெழுத்துக்கு ஆகஸ்ட் 20 என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 19 காலை, கட்சியிலும் ராணுவத்திலும் உளவுத்துறையிலும் இருந்த கடும்போக்காளர்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். கிரிமியாவில் ஓய்விலிருந்த கோர்பச்சேவை அங்கேயே சிறைவைத்தார்கள். தொலைக்காட்சியில் செய்திக்குப் பதிலாக 'அன்ன ஏரி' பாலே நடனம் ஓடியது. மாலையில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், தற்காலிக அதிபர் என்று அறிவித்துக்கொண்ட யனாயெவின் கைகள் நடுங்கியதைக் கேமரா நாடு முழுக்கக் காட்டியது. யெல்ட்சினோ ரஷ்ய நாடாளுமன்றத்தின் வாசலில் டாங்கி மேல் ஏறி நின்று, இந்தக் கும்பலுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்றார். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. நாட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் அதன் சாவைத் துரிதப்படுத்தியதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் எவ்வளவு மாற்றியது என்பதற்கு இரண்டு வாக்கெடுப்புகள் போதும். அதே ஆண்டு மார்ச் 17ல், சீர்திருத்தப்பட்ட யூனியன் தொடர வேண்டுமா என்று கேட்டபோது, வாக்கெடுப்பு நடந்த 9 குடியரசுகளில் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஆம் என்றார்கள்; மற்ற 6 குடியரசுகளின் அரசுகள் புறக்கணித்தன. ஆம் சொன்னவற்றில் உக்ரைனும் ஒன்று. டிசம்பர் 1ல் அதே உக்ரைனில் விடுதலைக்கு 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, பெலாரஸின் பெலவேஷா காட்டில் ஒரு வேட்டை மாளிகையில் ரஷ்யாவின் யெல்ட்சின், உக்ரைனின் கிராவ்சுக், பெலாரஸின் சுஷ்கேவிச் மூவரும் கூடி, சோவியத் யூனியன் இனி இல்லை என்று கையெழுத்திட்டார்கள். யெல்ட்சின் போன் செய்து புஷ்ஷிடம் சொல்லி முடித்துவிட்டார். கோர்பச்சேவுக்குத் தகவல் அதற்குப் பிறகுதான். டிசம்பர் 25 மாலை கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பதவி விலகினார். ஆணையில் கையெழுத்துப் போட எடுத்த பேனா எழுதவில்லை. படம்பிடிக்க வந்திருந்த அமெரிக்க சி.என்.என். நிறுவனத் தலைவரிடம் பேனா வாங்கிக் கையெழுத்திட்டார்.

அமெரிக்காதான் உடைத்ததா?

பனிப்போரில் அமெரிக்க நெருக்கடிக்குப் பங்கு உண்டு. ஆயுதப் போட்டிக்குச் செலவழித்தே சோவியத் பொருளாதாரம் இளைத்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்த்த முஜாகிதீன் போராளிகளுக்கு ஆயுதம் கொடுத்தது வாஷிங்டன். முதல் முடிவுக்கு அவர்கள் உரிமை கோரலாம்.

ஆனால் மூன்றாவது முடிவை அமெரிக்கா விரும்பவே இல்லை. 1991 ஆகஸ்ட் 1 அன்று, கவிழ்ப்பு முயற்சிக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், புஷ் கீவ் நகரில் உக்ரைன் சட்டசபையில் பேசினார். தற்கொலைக்கு ஒப்பான தேசியவாதம் வேண்டாம் என்று எச்சரித்தார். சோவியத் எதிரிகளான அமெரிக்கப் பழமைவாதிகளே அந்தப் பேச்சைக் கேலி செய்தார்கள். அவர் பயத்துக்குக் காரணம் எளிது: கையெழுத்துப் போட்டுப் பழகிய ஒரே மாஸ்கோவோடு பேசுவது, அணு ஆயுதம் வைத்திருக்கும் நாலு புது நாடுகளோடு பேசுவதைவிடச் சுலபம். நாடு உடைந்த பிறகு, அடுத்த தேர்தல் வருகிற நேரத்தில், "பனிப்போரில் வென்றோம்" என்ற பேச்சு வந்தது. வரலாறு என்று இன்று பலர் நம்புவது அந்தத் தேர்தல் காலப் பேச்சைத்தான்.

சுருங்கச் சொன்னால்: பகை ஓய்ந்ததில் அமெரிக்காவுக்குப் பங்குண்டு, கட்சி சரிந்தது உள்ளேயிருந்து, நாடு கலைந்தது ரஷ்யா, உக்ரைன் தலைவர்கள் எடுத்த முடிவு.

பாகப்பிரிவினைக் கணக்கு

உலக அரசியலை அதிகம் மாற்றியது இந்தப் பகுதிதான். ஒரு வல்லரசு, அதாவது உலகின் எந்த மூலையிலும் தன் விருப்பத்தைத் திணிக்கும் படைபலமும் பணமும் கொண்ட நாடு, காணாமல் போனால் அதன் சொத்தும் கடனும் யாருக்கு?

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் சோவியத் யூனியனுக்கு நிரந்தர இடம் இருந்தது. எந்தத் தீர்மானத்தையும் ஒற்றை ஆளாகத் தடுக்கும் வீட்டோ அதிகாரமும் இருந்தது. இதற்கு ஓட்டெடுப்பு நடக்கவில்லை, ஐ.நா. சாசனம் திருத்தப்படவும் இல்லை. 1991 டிசம்பர் 24 அன்று யெல்ட்சின் ஐ.நா. பொதுச் செயலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: மற்ற குடியரசுகளின் ஆதரவோடு அந்த இடத்தில் ரஷ்யா தொடரும் என்று. யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான். இன்று உக்ரைன் தொடர்பான தீர்மானங்களை ரஷ்யா வீட்டோ செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதம்தான் வேலை செய்கிறது. பதிலுக்கு, சோவியத் வெளிநாட்டுக் கடன் முழுவதையும் ரஷ்யாவே ஏற்றுக்கொண்டது.

அணு ஆயுதங்கள் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் என நாலு நாடுகளில் சிதறிக் கிடந்தன. உக்ரைன் மண்ணில் மட்டும் சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டுகள். எண்ணிக்கைப்படி உலகில் மூன்றாவது இடம். ஏவும் குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன என்பது உண்மை. ஆனால் பொருள் உக்ரைனிடம் இருந்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ஒரு உடன்பாடு கையெழுத்தானது. குண்டுகளை ரஷ்யாவிடம் ஒப்படைக்க உக்ரைன் சம்மதித்தது. அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உறுதி கொடுத்தன. எல்லையைக் காக்கப் படை அனுப்புவோம் என்று எவரும் எழுதித் தரவில்லை. 1996க்குள் கடைசிக் குண்டும் போய்விட்டது. 2014ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த வேறு நாடுகள் அணுகுண்டைப் பற்றி என்ன பாடம் கற்றிருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

எல்லைகள் இன்னொரு வில்லங்கம். ஒரே நாட்டுக்குள் இருந்தவரை குடியரசு எல்லை என்பது மாவட்ட எல்லை மாதிரிதான். 1954ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் கிரிமியாவை ரஷ்யக் குடியரசிலிருந்து உக்ரைன் குடியரசுக்கு மாற்றியபோது யாருக்கும் தூக்கம் கெடவில்லை. 1991 டிசம்பரில் அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே நாளில் சர்வதேச எல்லைகள் ஆயின. சுமார் இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் வீட்டைவிட்டு நகராமலேயே வெளிநாட்டில் வசிப்பவர்கள் ஆனார்கள். விண்வெளி வீரர் செர்கேய் கிரிகாலியோவ் 1991 மே மாதம் சோவியத் குடிமகனாக மீர் விண்வெளி நிலையத்துக்குப் போய், 1992 மார்ச்சில் இறங்கியபோது அவரை அனுப்பிய நாடு இல்லை. அவர் இறங்கிய கஜகஸ்தான் வேறு நாடு. அங்கிருக்கும் பைக்கானூர் ஏவுதளத்துக்கு ரஷ்யா ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் வாடகை கட்டுகிறது.

ஒற்றை மையம்

பனிப்போர்க் காலத்தை இருதுருவ உலகம் என்பார்கள்: இரண்டு பெரிய மையங்கள், மற்ற நாடுகள் ஏதாவது ஒன்றின் நிழலில் அல்லது நடுவில். 1991க்குப் பிறகு ஒரு மையம்தான் மிஞ்சியது. அதுதான் ஒருதுருவ உலகம்.

இதன் ஒத்திகை நாடு உடைவதற்கு முன்பே நடந்துவிட்டது. சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தபோது, 1990 நவம்பர் 29 அன்று, ஈராக் மீது படைபலம் பயன்படுத்த ஐ.நா. அனுமதி தந்தது. பழைய நட்பு நாடான ஈராக்குக்கு எதிராகச் சோவியத் யூனியன் கையைத் தூக்கியது. அதற்கடுத்த பத்தாண்டில் அமெரிக்காவைத் தடுக்க ஆளில்லை. 1999ல் ஐ.நா. அனுமதி இல்லாமலேயே நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு போட்டது. 2003ல் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்தது.

மாஸ்கோவை நம்பி வாழ்ந்தவர்கள் கதை வேறு. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறியதும், மாஸ்கோ ஆதரவில் நின்ற அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில வாரங்களில் விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். அனுப்பிய நாடே மறைந்ததும், 1992 ஏப்ரலில் அரசு விழுந்தது. அந்த வெற்றிடத்தில்தான் பிறகு தாலிபான் வந்தது. கியூபாவில் எண்ணெய் வரத்து அறுந்து பேருந்துகள் நின்றன. லட்சக்கணக்கில் சீன சைக்கிள்கள் இறக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் நேர்மாறு: கம்யூனிச ஆபத்து என்று சொல்லி மண்டேலாவைச் சிறையில் வைத்திருக்க இனி காரணம் இல்லை. 1990 பிப்ரவரி 2ல் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்கிய அதிபர் டி கிளெர்க், கிழக்கு ஐரோப்பாவில் நடந்ததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்.

ரஷ்ய மக்களுக்கு இந்தக் காலம் எப்படி இருந்தது? 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஆண்டுக்குள் விலைவாசி இருபத்தைந்து மடங்கு ஏறி, சேமிப்பெல்லாம் கரைந்தது. ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990ல் சுமார் 64. நாலே ஆண்டில் 58க்குக் கீழே போனது. பின்னால் புதினின் கைக்கு மக்கள் ஏன் அவ்வளவு எளிதாகப் போனார்கள் என்று கேட்பவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்.

நேட்டோ வாக்குறுதிச் சண்டை

நேட்டோ என்பது 1949ல் அமெரிக்கா தலைமையில் உருவான ராணுவக் கூட்டணி. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்வோம் என்பது அதன் விதி. எதிரில் சோவியத் அணிக்கு வார்சா ஒப்பந்தக் கூட்டணி இருந்தது. அது 1991 ஜூலை 1ல் கலைந்தது. நேட்டோ கலையவில்லை. அப்போது அதில் 16 நாடுகள், இன்று 32.

"கிழக்கே ஒரு அங்குலம்கூட வரமாட்டோம் என்று சொல்லி ஏமாற்றினார்கள்" என்பது ரஷ்யத் தரப்பு. 1990 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் கோர்பச்சேவிடம் அப்படிப் பேசியது உண்மை. பேசிய இடம் ஜெர்மனி இணைப்பு. வார்சா கூட்டணி உயிரோடிருந்த அந்த நாளில் போலந்து நேட்டோவில் சேரும் என்று பேச வேண்டிய தேவையே இல்லை. செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பழைய கிழக்கு ஜெர்மனியில் வெளிநாட்டுப் படையும் அணு ஆயுதமும் நிற்காது என்று மட்டும் எழுதினார்கள். வாய்வார்த்தை உண்டு, எழுத்து இல்லை. என் பார்வையில் இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. இரண்டுமே மறப்பது மூன்றாவது தரப்பை: 1999ல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசும் 2004ல் பால்டிக் நாடுகளும் நேட்டோவில் சேர்ந்தது, தாங்களே போய்க் கதவைத் தட்டியதால். 1940ஐயும் 1956ஐயும் 1968ஐயும் அவர்கள் மறக்கவில்லை.

பெய்ஜிங்கும் டெல்லியும்

சீனக் கம்யூனிஸ்ட் கட்சி இந்த வீழ்ச்சியை ஒரு நோய்க்குறிப்பு போலப் படித்தது. கோர்பச்சேவ் முதலில் அரசியலைத் திறந்தார், கடையில் சாமான் வரவில்லை. சீனா கடையைத் திறந்தது, அரசியலைப் பூட்டியே வைத்தது. 1992 தொடக்கத்தில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் ஷென்சென் போன்ற தென் நகரங்களுக்குப் போய்ச் சந்தைச் சீர்திருத்தத்தை முடுக்கினார். வடக்கே பெரும் படையோடு நின்ற பகை நாடு மறைந்ததால், சீனாவின் கவனமும் பணமும் கடல் பக்கம் திரும்ப முடிந்தது.

இந்தியாவுக்கு அது தலைக்கு மேல் கூரை போன மாதிரி. 1971 ஆகஸ்ட் 9ல் கையெழுத்தான நட்பு ஒப்பந்தம், காஷ்மீர் விவகாரத்திலும் வங்கதேசப் போரின்போதும் கைகொடுத்த சோவியத் வீட்டோ, ஆயுதம், எண்ணெய். வியாபாரம் ரூபாயிலேயே நடந்தது: நாம் ரூபாயில் விலை கொடுத்தோம், அவர்கள் அதே ரூபாயில் நம்மிடம் தேயிலை, தோல், மருந்து, துணி வாங்கினார்கள். டாலர் தேவைப்படவில்லை. நீலகிரித் தேயிலைக்கு அது நிச்சயமான சந்தை. அது போனபோது குன்னூர் ஏலத்தில் அடி விழுந்தது. 1991ல் இந்தியாவின் அந்நியச் செலாவணி மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தேறாத நிலைக்கு வந்ததற்கு வளைகுடாப் போர் எண்ணெய் விலையும் உள்நாட்டுப் பற்றாக்குறையும் முக்கியக் காரணங்கள். சோவியத் சந்தை சரிந்தது அதோடு சேர்ந்த சுமை. ஜூலை 24 பட்ஜெட்டில் பொருளாதாரம் திறந்தது. 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு ஏற்பட்டது. அணிசேராமை என்ற கொள்கைக்கு, சேராமல் இருக்க இரண்டு அணிகளே இல்லாமல் போனது.

தென் மாவட்டங்களிலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட கூடங்குளம் அணுமின் திட்டம் பத்தாண்டு கிடப்பில் கிடந்து, 1998ல் ரஷ்யாவோடு மறு ஒப்பந்தம் போட்டு, 2013ல்தான் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அடுத்தது கிரையோஜெனிக் இயந்திரம், கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஓடும் ராக்கெட் இயந்திரம். அதன் தொழில்நுட்பத்தை இஸ்ரோவுக்குத் தர 1991ல் மாஸ்கோ ஒப்புக்கொண்டிருந்தது. 1992ல் அமெரிக்கா தடை விதித்தது. பலவீனமாக இருந்த யெல்ட்சின் அரசு 1993ல் பணிந்து, இயந்திரங்களை மட்டும் தருகிறோம், தொழில்நுட்பம் கிடையாது என்றது. பழைய சோவியத் யூனியன் அப்படிப் பணிந்திருக்குமா என்பது சந்தேகமே. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில் சோதித்துச் சோதித்து உருவான சொந்த இயந்திரத்தோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வெற்றிகரமாகப் பறக்க 2014 ஜனவரி ஆனது.

இன்னும் முடியாத கணக்குகள்

1991ல் ரத்தமில்லாமல் நாடு பிரிந்தது என்று சொல்வது வழக்கம். போர்களோடு உடைந்த யூகோஸ்லாவியாவோடு ஒப்பிட்டால் சரிதான். ஆனால் தஜிகிஸ்தான் உள்நாட்டுப் போர், ரஷ்யாவிலிருந்து பிரியப் பார்த்த செச்சன்யா, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியா, ஆர்மீனியாவும் அசர்பைஜானும் மோதிய கராபாக் எல்லாம் அந்தப் பிரிவினையின் பாக்கிகள். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியாவில் இன்றும் ரஷ்யப் படை இருக்கிறது, ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அதை அங்கீகரிக்கவில்லை. கராபாக்கை 2023 செப்டம்பரில் அசர்பைஜான் முழுமையாகப் பிடித்தது. அங்கிருந்த ஆர்மீனியர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு வாரத்துக்குள் வெளியேறினார்கள். 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போர் இவை எல்லாவற்றிலும் பெரியது.

ஒரு பாக்கியாவது பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. மத்திய ஆசியாவில் கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் பகிரும் எல்லை 900 கிலோமீட்டருக்கு மேல். சோவியத் காலத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் வரைந்த வரைபடங்கள் வெவ்வேறு கோடு காட்டின. ஆளுக்கொரு வரைபடத்தைக் காட்டிச் சண்டை போட்டார்கள். 2021ல் ஒரு தண்ணீர் மதகில் தொடங்கிய தகராறு ராணுவ மோதலாகிப் பல பேர் செத்தார்கள். 2022ல் இன்னும் மோசம். 2025 மார்ச் 13 அன்று பிஷ்கெக் நகரில் இரண்டு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மூடிக்கிடந்த சோதனைச் சாவடிகளைத் திறந்தார்கள்.